வயலுக்கு மேல் நின்று காவல் புரியும் பறவை

மார்கழி, தைத் திங்கள்களில் கீரனூர்ப் பக்கத்து வயல்வெளிகளில் நடந்து செல்வோர், சிறு பறவையொன்று வானில் ஓரிடத்திலேயே நின்று சிறகடிப்பதைக் காணக்கூடும். கண்டவுடன், கோழிக்குஞ்சைத் தூக்க வந்த வல்லூறு எனக் கல்லெடுப்போர் நம்மில் உண்டு. ஆனால், அது பெரும்பாலும் நாடி வருவது கோழிக்குஞ்சை அன்று. வெட்டுக்கிளியையும் சுண்டெலியையுமே ஆகும்.

பறவை நூல்களில் இதற்குச் சிற்றெழால் என்று பெயர். வல்லூறுகளின் உறவினமாகிய இது புறாவின் அளவே இருக்கும். எடை ஏறத்தாழ 200 கிராம். முதுகு செங்கல் நிறமாயும், அதில் கரும்புள்ளிகள் விரவியும் காணப்படும். ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல் நிறம். வால் நுனியில் கறுப்புப் பட்டை உண்டு. வெண்மையும் சாம்பலும் கலந்த உடலும் கருந்தோளும் உடைய சிறு பருந்து ஒன்றும் இவ்வாறே வானில் நின்று எலி பிடிக்கும். அதுவும் உழவனுக்கு நண்பனே.

சிற்றெழால்களுள் பல ஐப்பசி அளவில் வடக்கேயிருந்து வந்து, பங்குனி அளவில் திரும்புகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுவதும் தங்கும் இனமும் உண்டு. இப்பறவை தனக்கெனக் கூடு கட்டுவதில்லை. பாறை இடுக்கிலோ, காக்கை கைவிட்ட பழங்கூட்டிலோ முட்டையிடும். திறந்த வெளியும், நார்த்தாமலையைப் போன்ற பாறைக் குன்றுகளும் இதற்கு உகந்த இடங்களாம்.

இது வேட்டையாடும் முறை வியப்புக்குரியது. எதிர்க்காற்றை நோக்கித் திரும்பி, காற்றின் வேகத்திற்கு ஈடாகப் பறப்பதால், தரையிலிருந்து பார்ப்போர்க்கு அசையாது நிற்பதாகத் தோன்றும். சிறகும் விரிந்த வாலும் இடைவிடாது அசையினும், தலைமட்டும் துலாக்கோலின் நாவைப் போல் நிலைத்து நிற்கும். தலை அசையாதிருப்பதனாலேயே புல்லிடையே நிகழும் சிறு சலனமும் அதன் கண்ணுக்குத் தப்புவதில்லை. இரையைக் கண்டதும் படிப்படியாகத் தாழ்ந்து, இறுதியில் பாய்ந்து காலால் பற்றும். காற்று இல்லாதபோது கம்பத்திலோ பட்ட மரத்திலோ அமர்ந்து காத்திருக்கும்.

இச்சிறு பறவை பெருச்சாளியை வெல்லும் என்று நாம் கூறவில்லை. வெட்டுக்கிளி, ஓணான், சுண்டெலி, இளம் எலி ஆகியவையே அதன் உணவு. மேலும், வயல் எலிகள் பெரும்பாலும் இரவில் திரிவன. அவற்றை அடக்குவது கூகையின் வேலை. பகற்காவல் ஒன்றுக்கும் இராக்காவல் மற்றொன்றுக்கும் உரியது என்று கொள்ளலாம்.

இக்காவலர்க்குப் பெருங்கேடு விளைவிப்பது நஞ்சாகும். இரத்தம் உறையாமற் செய்யும் எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலி எளிதில் அகப்படும் இரையாதலால், அதைத் தின்னும் பறவையும் நஞ்சுண்டு மடிய நேரிடும். எலியைக் குறைக்க வைத்த மருந்து, எலியைக் குறைப்போரையும் கொன்றுவிடுகிறது!

ஆகவே உழவர்கள் செய்யத்தக்கவை சில. வரப்புகளை அகலமாக விடாது ஒடுக்கமாக அமைத்தால், எலி வளை தோண்ட இடம் குறையும். நஞ்சுக்கு முன் கிட்டிகளைப் பயன்படுத்தலாம். பயிரைவிட உயரமான கழிகளின் தலையில் குறுக்குக் குச்சி கட்டி, வயலில் ஆங்காங்கே நட்டால், பகலில் சிற்றெழாலும் இரவில் கூகையும் அமரும். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் அவற்றை எடுத்துவிட வேண்டும்; இல்லையேல் மணி கொத்தும் பறவைகளும் வந்தமரும். மருந்து வைத்தே தீரவேண்டுமாயின், செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழப் புதைத்தல் கடமையாகும்.

ஊராட்சி மன்றங்களால் ஆவது என்ன என்று கேட்போர்க்கு நாகாலாந்து விடை கூறுகிறது. 2012ஆம் ஆண்டில் அங்குத் தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே, சிற்றெழாலின் உறவினமாகிய அமூர் வல்லூறுகள் ஆயிரமாயிரமாக வலையிற் சிக்கி மாண்டன. பாங்டி முதலிய ஊர்களின் மன்றங்கள் கூடி வேட்டையைத் தடுத்தன. மறு ஆண்டே அப்படுகொலை நின்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முன்னரே இருந்தும், ஊர் மனம் வைத்த பின்னரே அது பயன் தந்தது.

நம் ஊர் மன்றங்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூலி கேளாத இக்காவலனுக்கு நாம் செய்யவேண்டுவது சிறிதே: கல்லைக் கீழே போடுதல், கழியை நட்டு வைத்தல்.