‘ப்ரோ, எங்க டீமுக்கு ஒரு ஓட்டு!’

‘செம ஆட்டம் ப்ரோ, ஃப்ரெண்டா சேத்துக்கோங்க.’ ஆட்டம் முடிந்த கையோடு வரும் இந்த அழைப்பை ஏற்காமல் இருப்பது கடினம். சேர்ந்து ஆட ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இரண்டு நாள் அரட்டை ஓடும். பிறகு ஒரு லிங்க் வரும். ‘எங்க டீம் டோர்னமென்ட்ல நிக்குது. ஒரு ஓட்டு போடுங்க ப்ரோ.’ தொட்டால், தினமும் பார்க்கும் அதே ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லாகின் பக்கம். பெயர், கடவுச்சொல், கைப்பேசிக்கு வந்த குறியீடு என மூன்றையும் போட்டு முடிப்பதற்குள் ஐடி கைமாறிவிடும். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள், வருடக்கணக்கில் சேர்த்த பொருட்கள், கூட ஆடும் நண்பர்களின் பட்டியல் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவன் வசமாகும்.

விளையாட்டுத் தளங்களில் அன்றாடம் நடக்கும் திருட்டு இது. பெரும்பாலும் இதில் பூட்டு உடைபடுவதில்லை. உரிமையாளரே கதவைத் திறந்துவிடும்படி பேசிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எப்படி அமைகிறது என்று தெரிந்துவைத்திருப்பவரை ஏமாற்றுவது கடினம்.

ஒரு ஐடிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கியது ஸ்டீம் தளம். கணினி விளையாட்டுகளை வாங்கவும் ஆடவும் உலகெங்கும் பயன்படுகிறது. 2011-ல் அங்கே ஒருவர் மற்றவருடன் பொருட்களைப் பரிமாறிக்கொள்ளும் ‘டிரேடிங்’ வசதி வந்தது. 2013 ஆகஸ்டில் கவுண்ட்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் ‘ஸ்கின்’கள் அறிமுகமாயின. ஸ்கின் என்பது துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடும் வண்ண மேற்பூச்சு. அதனால் ஆட்டத்தில் கூடுதல் பலம் கிடைக்காது. ஆனால் அரிதானவற்றுக்கு ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். 2022 ஜூனில் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து திருடுபோன ஸ்கின்களின் மதிப்பு சுமார் 20 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன.

2015 டிசம்பரில் வால்வ் நிறுவனமே நிலவரத்தை வெளிப்படையாகச் சொன்னது. மாதந்தோறும் சுமார் 77,000 ஐடிகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாகவும், டிரேடிங் வந்த பிறகு இந்தப் புகார் இருபது மடங்கு பெருகியதாகவும் அது எழுதியது. பறிகொடுத்தவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர்களும், பொருள் வாங்கி விற்பதில் தேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்றும் குறிப்பிட்டது. விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற எண்ணத்தை இந்தத் தகவல் தகர்க்கிறது. எனக்கு இது நடக்காது என்று நம்புகிறவர்தான் லிங்க்கை இரண்டாம் முறை பார்க்காமல் தொடுகிறார்.

அழைப்பு யாரிடமிருந்து?

ஸ்டீமில் புதிதாக ஐடி தொடங்கியவர், குறைந்தது 5 டாலருக்கு ஏதாவது வாங்கும்வரை யாருக்கும் நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. ஆயிரக்கணக்கில் போலி ஐடிகளைத் தொடங்கி அழைப்புகளைக் கொட்டுவதைத் தடுக்கவே இந்த விதி. திருடர்கள் கண்ட மாற்றுவழி, ஏற்கெனவே திருடிய ஐடிகளிலிருந்து அழைப்பது. பத்து வருடப் பழைய ஐடி, உயர்ந்த லெவல், நூற்றுக்கணக்கான மணிநேரம் ஆடிய கணக்கு என்று எல்லாம் நிஜமாக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மட்டும் வேறு ஆள்.

ஆகவே, லெவல் குறைந்த புதிய ஐடிகளை ஒதுக்கினால் போதும் என்பது அரைப் பாதுகாப்புதான். ஐடி பறிபோனதும் திருடன் அதிலுள்ள நண்பர்கள் எல்லோருக்கும் அதே லிங்க்கை அனுப்புகிறான். நேற்றுவரை சேர்ந்து ஆடிய நண்பனின் பெயரில் வரும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? வழக்கமாகத் தமிழில் பேசும் நண்பன் திடீரென ஆங்கிலத்தில் லிங்க் அனுப்பினால், அவனுடைய கைப்பேசிக்குக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை. பறிபோனது அவனுக்கே தெரியாமல் இருந்தால், முதலில் சொன்னவராகவும் இருப்பீர்கள்.

மாறாத வசனங்கள்

ஓட்டுக் கேட்பது ஒரு வசனம். இன்னொன்று பயத்தை வைத்து ஆடுவது. ‘சாரி ப்ரோ, வேற ஒருத்தர்னு நினைச்சு உங்களை மோசடின்னு ரிப்போர்ட் பண்ணிட்டேன். உங்க ஐடியை முடக்கப் போறாங்க. டிஸ்கார்டுல இந்த ஸ்டீம் அட்மின்கிட்ட பேசிடுங்க.’ டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் அந்த ‘அட்மின்’ பொறுமையாக, அதிகாரத் தொனியில் பேசுவார். விசாரணைக்காக மின்னஞ்சல் முகவரியை மாற்றச் சொல்வார், பொருட்களை வேறொரு ஐடிக்கு அனுப்பச் சொல்வார், கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்லி அதன் எண்ணைக் கேட்பார். வால்வ் ஊழியர்கள் இப்படி அரட்டையிலோ டிஸ்கார்டிலோ வருவதே இல்லை. புகார் தொடர்பான எல்லாமே ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும். இதை நினைவில் வைத்திருந்தால் அந்த உரையாடல் முதல் வரியிலேயே முடிந்துவிடும்.

இந்த உத்திக்கு வயது முப்பதுக்கு மேல். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஏஓஎல் இணையச் சேவையில், ஊழியர்போல் நடித்துக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் கூட்டம் இருந்தது. அதற்கு உதவ ‘ஏஓஹெல்’ என்ற மென்பொருளே புழங்கியது. எங்கள் ஊழியர் யாரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்ற எச்சரிக்கையை ஏஓஎல் அரட்டைத் திரையிலேயே காட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது வசனம் பாராட்டில் தொடங்கும். ‘நான் ஒரு கேம் செஞ்சிருக்கேன், ஆடிப் பார்த்துச் சொல்லுங்க.’ இறக்கி நிறுவினால், பிரவுசரில் சேமித்திருக்கும் லாகின் தடங்களை அந்த மென்பொருள் அள்ளிக்கொண்டு போகும். கடவுச்சொல்லும் குறியீடும் தேவைப்படாமலே திருடன் உள்ளே நுழைந்துவிடுவான். 2025 பிப்ரவரியில் ‘பைரேட்ஃபை’ என்ற விளையாட்டு ஸ்டீம் கடைக்குள்ளேயே இப்படி வந்தது. வால்வ் அதை நீக்கி, இறக்கியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. கடைக்குள்ளேயே அப்படி என்றால், முகம் தெரியாதவர் அரட்டையில் அனுப்பும் கோப்பைத் தொடவே கூடாது.

கண்ணை ஏமாற்றும் பக்கம்

போலி லாகின் பக்கத்தைக் கண்டுபிடிக்க முகவரியைப் பார்க்கச் சொல்வார்கள். அது சரியான யோசனைதான், ஆனால் போதாது. ஸ்டீம் என்ற பெயரின் கடைசியில் வரும் ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் சிறிய திரையில் வித்தியாசமே தெரியாது. அதைவிட மோசமான ஓர் உத்தி 2022-ல் பரவலாகப் பேசப்பட்டது. ‘ஸ்டீம் வழியாக உள்நுழைக’ என்பதை அழுத்தினால் தனியாக ஒரு சிறிய சாளரம் திறக்கும். அதில் பூட்டுப் படமும் அசல் முகவரியும் அப்படியே இருக்கும். உண்மையில் அது சாளரமே அல்ல. முகவரிப் பட்டையோடு சேர்த்துப் பக்கத்துக்குள் வரைந்த படம்.

இதற்கு எளிய சோதனைகள் உண்டு. கணினியில் அந்தச் சாளரத்தைப் பிடித்துப் பிரவுசரின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். வரைந்த சாளரம் வெளியே வராது. கடவுச்சொல் மேலாளர் செயலி வைத்திருந்தால், போலி முகவரியில் அது தானாகக் கடவுச்சொல்லை நிரப்பாது. இன்னும் உறுதியான வழி, முதலில் நீங்களே முகவரியைத் தட்டி ஸ்டீம் தளத்துக்குள் நுழைந்துகொள்வது. ஏற்கெனவே உள்ளே இருந்தால், அசல் பக்கம் உங்கள் பெயரைக் காட்டி ஒப்புதல் மட்டும் கேட்கும். அப்போதும் கடவுச்சொல் கேட்கிற பக்கத்தை உடனே மூடுங்கள்.

பூட்டுகள் எவ்வளவு உதவும்?

ஸ்டீம் கார்டு என்ற இரட்டைப் பாதுகாப்பு 2011-ல் மின்னஞ்சல் வழியாக வந்தது, 2015-ல் கைப்பேசிச் செயலிக்கும் வந்தது. செயலி இல்லாதவர்களின் டிரேடுகள் 15 நாள்வரை நிறுத்திவைக்கப்படும். அதற்கும் திருடர்கள் வழி கண்டார்கள். கைப்பற்றிய ஐடியில் ‘ஏபிஐ கீ’ எனப்படும் மென்பொருள் சாவியை உருவாக்கிவிட்டு அமைதியாகக் காத்திருப்பார்கள். நீங்கள் நண்பருக்கு ஒரு பொருளை அனுப்பும்போது அந்த டிரேடை ரத்து செய்து, அதே பெயரும் படமும் கொண்ட போலி ஐடிக்குப் புதிய டிரேடைப் போடுவார்கள். கைப்பேசியில் ‘சரி’ என்று அழுத்துவது நீங்களேதான். அழுத்தும் முன் எதிரில் இருப்பவரின் லெவலையும், அவர் ஸ்டீமில் சேர்ந்த தேதியையும் பார்ப்பதில்தான் காப்பு இருக்கிறது.

திருடுபோன பொருளைத் திருப்பித் தருவதில்லை என்பது வெகுகாலம் ஸ்டீமின் கொள்கையாக இருந்தது. 2025 ஜூலையில் கவுண்ட்டர் ஸ்ட்ரைக் 2 பொருட்களுக்கு மட்டும் நல்ல மாற்றம் வந்தது. டிரேடு முடிந்து ஏழு நாளுக்குள் அதைத் திருப்பிவிடலாம். பறிகொடுத்தவர் விரைந்து செயல்பட்டால் பொருள் மீள வாய்ப்புண்டு.

கைப்பேசியில் ஆடும் பிள்ளைகள்

நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் ஸ்டீமைப் பார்த்ததில்லை. அவர்களின் உலகம் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ போன்ற கைப்பேசி விளையாட்டுகள். அங்கே தூண்டில், விளையாட்டுக்குள் செல்லும் பணமான டைமண்டும் யூசியும் இலவசம் என்பது. இந்த விளையாட்டுகளுக்குள் பெரும்பாலும் ஃபேஸ்புக் அல்லது கூகுள் கணக்கு வழியாகத்தான் நுழைகிறார்கள். ஆகவே ‘இலவச டைமண்ட்’ பக்கத்தில் கொடுக்கும் கடவுச்சொல் விளையாட்டோடு நிற்காது. அது அப்பாவின் ஃபேஸ்புக்காக இருக்கலாம், அம்மாவின் மின்னஞ்சலாக இருக்கலாம். அந்த மின்னஞ்சலைப் பிடித்தவன் குடும்பத்தின் மற்றக் கணக்குகளை நோக்கி நகர்வான். விளையாட்டு நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழிகளுக்கு வெளியே எந்தப் பக்கமும் இலவச டைமண்ட் தராது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

பறிபோனால்

முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு விளையாட்டு ஐடியின் கடவுச்சொல்லை. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஏபிஐ சாவி இருந்தால் நீக்குங்கள். உள்ளேயே போக முடியவில்லை என்றால் ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் புகார் கொடுங்கள். விளையாட்டு வாங்கியதற்கான பழைய ரசீதுகள் உங்கள் உரிமையை நிரூபிக்கும். கோப்பு எதையாவது இறக்கியிருந்தால், இந்த மாற்றங்களை வேறொரு சாதனத்திலிருந்து செய்யுங்கள். மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். நண்பர்களுக்கு வேறு வழியில் தகவல் சொல்லுங்கள். சந்தேக ஐடியை பிளாக் செய்வதோடு நிறுத்தாமல் ரிப்போர்ட்டும் செய்யுங்கள். உங்களைத் தாண்டி அந்தத் திருடன் போகப்போவது இன்னொரு பிள்ளையிடம்தான்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஐடி போச்சு’ என்று பிள்ளை வந்து சொன்னால், ‘அப்பவே சொன்னேன், கேம் ஆடாதேன்னு’ என்று தொடங்காதீர்கள். திட்டு விழும் என்று பயந்து பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் திருடனுக்கு ஆதாயம். தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏமாந்த இடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஏமாந்தது குற்றமில்லை. இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்கு வந்திருக்கும் அழைப்புகளைச் சேர்ந்து பாருங்கள். யாரை நேரில் தெரியும், யாரைத் தெரியாது என்று அவர்களையே சொல்ல விடுங்கள். ஏதாவது தவறாகத் தொட்டுவிட்டால் முதலில் என்னிடம்தான் வர வேண்டும், நான் திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.