பூந்தமல்லிப் பாளையமும் ஆவடிக் கேரலும்

கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில் சென்னையை அடுத்த பூந்தமல்லி வெள்ளைச் சிப்பாய்களின் பாளையம். ஆங்கிலிக்கன் வழிபாடு அவர்களோடு வந்தது. அந்த வழிபாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் அட்வென்ட் என்னும் ஆயத்தக் காலம். அவர்கள் ஊரில் அது பனி பெய்யும் மாதம், இங்கே அடைமழை!

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரின் தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆயின. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபைகளும் ஒன்றானதை உலகமே உற்றுப் பார்த்தது. லுத்தரன்களும் கத்தோலிக்கரும் தனியே நின்றனர்.

1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்ததும் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள ஆவடிக்குப் பல ஊர்க்காரர்கள் குடிவந்தனர். டிசம்பர் இரவுகளில் ஆலயப் பாடகர் குழுவினர் வீடு வீடாகக் கேரல் என்னும் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிச் செல்வார்கள். கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன்னே ஆராதனை; பிறகு, எந்தச் சபை, எந்த மதம் என்று பாராமல் அக்கம்பக்கத்தாருக்குக் கேக்கும் பிரியாணியும் போகும்.