நிறத்தை நம்பலாமா? காட்டு பான்சியை இனங்காணும் வழி

மாணவர்களே, நெதர்லாந்தின் கடலோர மணல்மேட்டில் ஒரு சிறிய மஞ்சள் பூவைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் வந்தால், வயலோரத்தில் ஊதாவும் மஞ்சளும் கலந்த ஒரு பூ. வயலுக்குள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில் இன்னொன்று. இவற்றில் எந்த இரண்டு ஒரே இனம்?

மஞ்சள் பூக்கள் இரண்டும்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மணல்மேட்டு மஞ்சள் பூவும் வயலோர ஊதாப் பூவுமே ஓரினம். அதுதான் காட்டு பான்சி. 1753-இல் லின்னேயஸ் இதற்கு வயோலா ட்ரைகலர் என்று பெயரிட்டார். வெளிர்மஞ்சள் பூ வேறோர் இனம்: வயல் பான்சி, அதாவது வயோலா ஆர்வென்சிஸ்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் படி: இது பான்சிதானா? பூவுக்கு ஐந்து இதழ்கள். நான்கு மேல்நோக்கியும் ஒன்று கீழ்நோக்கியும் இருந்தால் பான்சி. அதன் உறவான வயலெட் பூவில் இரண்டு மட்டுமே மேல்நோக்கி இருக்கும்.

இரண்டாம் படி: எந்த இனம்? பூவின் பின்புறத்தைப் பாருங்கள். அங்குள்ள பச்சை நிறப் புல்லி இதழ்களைவிட வண்ண இதழ்கள் நீளமாக இருந்தால் காட்டு பான்சி. சமமாகவோ குட்டையாகவோ இருந்தால் வயல் பான்சி. இதற்குக் காரணம் உண்டு. காட்டு பான்சி பூச்சிகளை அழைக்க வேண்டும். பெரிய இதழ்கள் அதன் விளம்பரப் பலகை. வயல் பான்சியோ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை உண்டாக்கிக்கொள்ளும். நிறமிகளிலும் வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆனால் உறுதியான சான்று செல்லுக்குள் இருக்கிறது. காட்டு பான்சிக்கு 26 குரோமோசோம்கள், வயல் பான்சிக்கு 34. ஆயினும் இவ்விரண்டும் சில இடங்களில் கலந்து கலப்பினச் செடிகளும் முளைக்கின்றன. எனவே ஒரு பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பல செடிகளைப் பாருங்கள்.

மூன்றாம் படி: எந்தத் துணையினம்? செடியின் அடியில் மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள், பிடுங்க வேண்டாம். பெரும்பாலும் ஓராண்டில் வாழ்ந்து முடியும் வயலோரச் செடி ட்ரைகலர் துணையினம். மணலுக்கடியில் தண்டைப் படரவிட்டுப் பல ஆண்டுகள் வாழ்வது கர்ட்டிசியை துணையினம். மணல் மூடினாலும் அந்தத் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதன் பூ மஞ்சளாகவோ ஊதாவாகவோ இரண்டும் கலந்தோ இருக்கலாம்.

பெயரில் இவ்வளவு கவனம் எதற்கு? ‘ஸ்பெயின் அரசி’ எனப்படும் பட்டாம்பூச்சியின் புழுக்கள் நெதர்லாந்து மணல்மேடுகளில் கர்ட்டிசியையைத் தின்று வளர்கின்றன. காற்றில் வரும் நைட்ரஜன் மாசு மணலுக்கு உரமாகிப் புல் மண்டும்போது, இச்செடிக்கு இடமில்லாமல் போகிறது. குறிப்பேட்டில் வெறுமனே ‘காட்டு பான்சி’ என்று எழுதினால், வயலோரச் செடிகளைக் கணக்கில் காட்டி, மணல்மேட்டில் நேர்ந்த இழப்பை நாம் கவனிக்காமலே விட்டுவிடுவோம்.