இன், ஆன், அட்... எங்கே எது? ஒரத்தநாட்டிலிருந்து ஒரு ஈஸி ரூட்!

இன்டர்வியூ போன் கால். 'இப்போ எங்கே இருக்கீங்க?' என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். ஊர் பெயர் டக்குனு வந்துடும். அதுக்கு முன்னாடி போடும் குட்டி வார்த்தையில்தான் திணறுவோம். இன்னா, ஆனா, அட்டா?

குழப்பத்துக்குக் காரணம் சிம்பிள். தமிழில் 'ஒரத்தநாட்டில்', 'ரோட்டில்', 'பஸ் ஸ்டாண்டில்' என எல்லாத்துக்கும் ஒரே 'இல்' போதும். சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது சொல்லுக்கு முன்னால் வரும், மூன்றாகவும் பிரியும்.

* ஊர், மாவட்டம் போன்ற பரப்பு: 'இன் ஒரத்தநாடு'
* சாலை, மேற்பரப்பு: 'ஆன் த பட்டுக்கோட்டை ரோடு'
* குறிப்பிட்ட ஓர் இடம்: 'அட் த பஸ் ஸ்டாண்ட்'

நேரத்துக்கும் இதே வரிசைதான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாளையே எடுத்துக்கோங்க. மாதம் மட்டும்னா 'இன் ஜூன்'. தேதி சொன்னா 'ஆன் ஜூன் 12'. மணி சொன்னா 'அட் டென் ஓ கிளாக்'.

சிலவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. 'ஆன் டைம்' என்றால் சொன்ன நேரத்துக்குச் சரியாக. 'இன் டைம்' என்றால் லேட் ஆவதற்குள். 'குட் அட்', 'மேரீட் டு' போன்றவற்றை ஜோடியாகவே மனப்பாடம் செய்துடுங்க. 'டிஸ்கஸ்' பக்கத்தில் மட்டும் 'அபவுட்' வேண்டாம்.

ஒண்ணு மாறிப்போனாலும் எதிரில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அதனால, தயங்கி நிறுத்தாம பேசி முடிச்சிடுங்க!