காத்தைப் பிடுங்காதீங்க சார்!

கத்திரி வெயில் ஆரம்பித்தால் கடலூரில் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, சாயங்காலம் சில்வர் பீச்சில் நிற்க இடம் கிடைக்காது. இரண்டு, பெட்ரோல் பங்கில் யாராவது ஒரு பெரியவர், "வெயில் காலம் தம்பி... காத்து நாலு பவுண்டு கம்மியாவே வை. இல்லேன்னா சிதம்பரம் போறதுக்குள்ள டமார்தான்!" என்பார்.

அந்த 'நாலு கம்மி'தான் சார் வில்லனே!

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பத்துத் தடவை வளைத்துவிட்டு, வளைத்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காத்து குறைந்த டயரின் கதியும் அதேதான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் டயர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய எழுநூறு சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு ரப்பர் நசுங்கி, நிமிர்ந்து, சூடாகிறது. கீழே தார் ரோடும் கொதிக்கும்போது சூடு இறங்க வழி ஏது? உள்ளே ரப்பர் பிரிய ஆரம்பித்தால், புதுச்சத்திரம் தாண்டுவதே அதிர்ஷ்டம்.

'வெயிலில் காத்து விரியாதா?' விரியும். ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு கூடும். அதையும் கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரன் அளவு சொல்லியிருக்கிறான்.

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அமெரிக்காவைக் கேளுங்கள். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் மாட்டியவை. ஓடும்போதே மேல் ரப்பர் உரிந்து, 270 பேருக்கு மேல் பலி. டயரிலும் கோளாறு இருந்தது. ஆனால் டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா மாதிரி வெயில் ஊர்களில்தான் அதிகம் உரிந்தது. ஃபோர்டு சொன்ன காத்து 26 பவுண்டு. 30 வையுங்கள் என்றது ஃபயர்ஸ்டோன்.

நம்ம ஊருக்கு வருவோம். கிளம்பும் முன், காலையில் டயர் ஆறியிருக்கும்போது காத்து பாருங்கள். அளவு, காரில் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும்; பைக்கில் செயின் கவர் பக்கம் தேடுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு அளவு கூடுதல். ஓடிச் சூடான டயரில் காத்தைப் பிடுங்கவே கூடாது. மொட்டை டயரா? கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஆகாது, பைக்குக்கு 0.8. ஓடும்போது வெடித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஹேண்டிலை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்ததும் ஓரங்கட்டுங்கள்.

மே மாசம் பார்க்கிறேனே... அப்பா, அம்மா, டேங்க் மேல் ஒரு பொடியன் என்று பைக்கில் சிதம்பரம் கிளம்புகிற குடும்பங்களை! காத்து பிடிக்க ஐந்து நிமிஷம் போதும் சார்.

நடராஜர் ஒற்றைக் காலில் நிற்பார். உங்கள் பைக் ஒற்றைச் சக்கரத்தில் நிற்காது!