அப்கிரேட் பண்ணதும் பிளெண்டர் படுத்துடுச்சா? கார்டை விக்காதீங்க!



சிம்போசியத்துக்கு இன்னும் மூணே நாள். கள்ளிக்குப்பத்துல எங்க தெருவுக்குப் பின்தெரு பையன், நம்ம காலேஜ்தான், ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்றான். "மச்சி, பிளெண்டர் செத்துப்போச்சுடா. டைம்லைனை நகர்த்தினா ஒரு ஃப்ரேம் வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

அவனோடது ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின செகண்ட் ஹேண்ட் பிசி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. அன்னிக்குச் சாயங்காலம்தான் உபுண்டு 22.04-ஐ 24.04-ஆ மாத்தியிருக்கான். ஒரு கடையில கேட்டதுக்கு, பிசியைப் பார்க்காமலே "கார்டு போயிருக்கும், மாத்திடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அம்மாகிட்ட காசு கேட்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தான்.

நீங்களும் இந்த நிலைமையில இருந்தா, முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்குங்க. கிராஃபிக்ஸ் கார்டு தானா வேலை செய்யாது. பிளெண்டர் மாதிரி சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல் மூலமா "இந்த முக்கோணத்தை வரை"ன்னு கேட்கும். அதைக் கார்டுக்குப் புரியுற மாதிரி மாத்திச் சொல்றது டிரைவர். ஓஎஸ் அப்கிரேட்ல மாறுறது கார்டு இல்ல, கார்டுக்கும் ஓஎஸ்ஸுக்கும் நடுவுல இருக்கிற இந்த ஆள்தான்.

டிரைவர் இல்லன்னா ஸ்கிரீன் கருப்பாத்தான் ஆகணும்னு கிடையாது. அங்கதான் நிறைய பேர் ஏமாந்துடறோம். லினக்ஸ்ல எல்எல்விஎம்பைப் னு ஒண்ணு இருக்கு. கார்டு செய்யவேண்டிய வேலையை பிராசசரை வெச்சே செஞ்சு முடிக்கும். டெஸ்க்டாப் வரும், பிரவுசர் ஓடும், பிளெண்டர்கூட திறக்கும். ஆனா எல்லாம் நத்தை. நண்பன்கிட்ட செட்டிங்ஸ்ல 'அபவுட்' பக்கத்தைத் திறந்து கிராஃபிக்ஸ் வரியைப் படிக்கச் சொன்னேன். என்விடியா பேரே இல்ல, எல்எல்விஎம்பைப். கார்டு போகலைன்னு எனக்கு அப்பவே பாதி நிம்மதி.

அடுத்த கேள்வி: "டிரைவரை முதல்ல எப்படிப் போட்ட?" வெப்சைட்ல இருந்து ரன் ஃபைல் இறக்கிப் போட்டிருக்கான். காரணம் அதுதான். என்விடியா டிரைவர்ல ஒரு பகுதி கெர்னலுக்குள்ள உட்காரும். எந்தக் கெர்னலுக்குக் கட்டினதோ அதுல மட்டும்தான் அது வேலை செய்யும். 24.04-ல புதுக் கெர்னல் வந்ததும் பழைய மாட்யூல் செல்லாக்காசு. அதோட, அந்த இன்ஸ்டாலர் நூவோங்கிற ஓப்பன்சோர்ஸ் டிரைவரையும் ஓடவிடாம ஏற்கெனவே தடுத்து வெச்சிருக்கும். ரெண்டு பேரும் இல்லாத இடத்துல எல்எல்விஎம்பைப் வந்து உட்கார்ந்துடுச்சு.

சரிபண்ண முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுல பாதி நேரம் டவுன்லோடுக்கே போச்சு. முதல்ல என்விடியாவோட அன்இன்ஸ்டாலரை ஓட்டி பழசை மொத்தமா எடுத்தோம். இதைச் செய்யாம மேலேயே புதுசு போட்டா ரெண்டும் முட்டிக்கும். அப்புறம் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்'ல 'அடிஷனல் டிரைவர்ஸ்' டேபுக்குப் போய், 'டெஸ்டட்'னு போட்டிருக்கிற வெர்ஷனைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். இந்த வழியில போட்டா கெர்னல் மாறும்போது டிரைவரும் கூடவே மாறும். கைமுறையா ரன் ஃபைல் போடுறது கெத்தா இருக்கும், ஆனா ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் நீங்கதான் காவல் இருக்கணும்.

இங்க ஒரு பொறி இருக்கு. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வரும். வைரஸோன்னு பயந்து 'கன்டினியூ பூட்' அமுக்கிடாதீங்க. 'என்ரோல் மோக்' போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும். விட்டுட்டா மாட்யூல் ஏறாது, மறுபடியும் நத்தைதான்.

விண்டோஸ் ஆளுங்களுக்கும் கதை கிட்டத்தட்ட இதுதான், பேருங்கதான் வேற. டிவைஸ் மேனேஜர்ல 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' விரிச்சுப் பாருங்க. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு இருந்தா டிரைவர் இல்லைன்னு அர்த்தம். அதுல ஓப்பன்ஜிஎல் 1.1 மட்டும்தான் கிடைக்கும், பிளெண்டர் திறக்கவே திறக்காது. லேப்டாப்னா முதல்ல லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடலுக்கான டிரைவரை எடுங்க. கார்டு பேர் சரியா இருந்தும் கிராஷ் ஆகுதுன்னா, ப்ராப்பர்ட்டீஸ்ல 'ரோல் பேக் டிரைவர்' இருக்கான்னு பாருங்க. விண்டோஸ் 10-ல இருந்து 11-க்கு வந்திருந்தா, 10 நாளுக்குள்ள பழசுக்கே திரும்பவும் வழி உண்டு. டிஸ்க் கிளீனப் பண்ணி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழிச்சிட்டா அந்த வழியும் போச்சு. ரெண்டு ஜிபியு இருக்கிற லேப்டாப்ல, டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல கிராஃபிக்ஸ் பக்கம் போய் பிளெண்டருக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்க. அப்கிரேட்ல இந்த செட்டிங் அழிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு.

இப்போ அண்ணன், அக்காகிட்ட இருந்து வந்த அரசு லேப்டாப் வெச்சிருக்கிறவங்களுக்கு. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல திருவள்ளூர் மாவட்டத்துலதான் ஆரம்பிச்சது. அப்போ நம்ம அம்பத்தூரும் அந்த மாவட்டம்தான். விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்களே, அது சி-டாக் சென்னையில உருவாக்கினது, டெபியன் அடிப்படையில. பசங்க பாதிப் பேர் வாங்கின அன்னிக்கே அதை அழிச்சிட்டோம்!

இந்த மாதிரி பழைய மெஷின்ல பிரச்சினை டிரைவர் தொலைஞ்சது இல்ல, பிளெண்டர் வளர்ந்துட்டது. 2.79-க்கு ஓப்பன்ஜிஎல் 2.1 போதும். 2019-ல வந்த 2.80-க்கு 3.3 வேணும். 4.0-ல இருந்து 4.3. இன்டெல் ஹெச்டி 3000-க்கு விண்டோஸ் டிரைவர்ல கிடைக்கிறது 3.1 மட்டும். அதே சில்லுக்கு லினக்ஸோட மெசா டிரைவர்ல 3.3 கிடைக்குது. அதாவது, விண்டோஸ்ல 2.79-ஓட நின்னுபோற அதே லேப்டாப், லினக்ஸ் போட்டா கணக்குப்படி பிளெண்டர் 3.6 வரைக்கும் வரும். வேகம் எதிர்பார்க்காதீங்க, ஆனா மாடலிங் கத்துக்கலாம். 2டி போதும்னா பென்சில்2டி, சின்ஃபிக் ரெண்டும் இன்னும் லேசு.

நண்பன் கதைக்கு வர்றேன். டிரைவர் கிடைக்காம போயிருந்தாலும் ஒரு வழி இருந்துச்சு: சைக்கிள்ஸ் ரெண்டர், பிராசசரை மட்டும் வெச்சும் ஓடும். டெர்மினல்ல பேக்ரவுண்டா விட்டுட்டு, வீடியோவா இல்லாம பிஎன்ஜி ஃப்ரேமா ரெண்டர் பண்ணச் சொல்லலாம். நடுவுல கரண்ட் போனாலும் போன ஃப்ரேம் ஒண்ணுதான், மீதியில இருந்து தொடரலாம். ஈவீக்கு இது நடக்காது, அதுக்கு ஜிபியு கட்டாயம்.

அது தேவைப்படல. ராத்திரி பன்னண்டரைக்கு வியூபோர்ட் வழக்கம்போல ஓட ஆரம்பிச்சது. படத்தை நேரத்துக்குக் கொடுத்துட்டான். அடுத்த நாள் அம்மா கேட்டாங்களாம், "ராத்திரி எல்லாம் யாரோட பேசிட்டு இருந்த?" டிரைவரோடன்னு சொல்லியிருக்கான். "ஷேர் ஆட்டோ டிரைவரா?"

இப்போ அவன் பிசியில 'அப்கிரேட் ரெடி'னு நோட்டிஃபிகேஷன் வந்தா முதல்ல காலேஜ் காலண்டரை எடுத்துப் பார்க்கிறான்.