கோடிங் போட்டி: அனுமதித்த மொழியெல்லாம் கைகொடுக்குமா?

கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச நிரலாக்கப் போட்டியான ஐசிபிசியின் வட்டாரப் போட்டிக்கு அணிப் பதிவு முடியப்போகிறது. மாணவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன: "எங்கள் மூவருக்கும் பைத்தான்தான் நன்றாக வரும். விதிமுறையில் பைத்தானுக்கு அனுமதி என்று போட்டிருக்கிறது. அதை நம்பி இறங்கலாமா?"

அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அனுமதி என்றால், அந்த மொழியில் எழுதிய நிரலைப் போட்டி சர்வர் வாங்கி ஓட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். எல்லாக் கணக்கையும் அந்த மொழியில் நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. உலக இறுதிப் போட்டியில் சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான், காட்லின் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒவ்வொரு கணக்கையும் தீர்க்க முடியும் என்று நடுவர்கள் பொறுப்பேற்பது சி பிளஸ் பிளஸ், ஜாவா இரண்டுக்கும்தான். பைத்தானுக்கு அந்த உறுதி இல்லை.

நேர வரம்பை யார், எப்படி வைக்கிறார்கள்?

விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கணக்கை உருவாக்கும் நடுவர்கள், சரியான தீர்வுகளைத் தாங்களே எழுதி ஓட்டிப் பார்ப்பார்கள். அவற்றில் மிக மெதுவாக ஓடியது எடுத்துக்கொண்ட நேரத்தைச் சில மடங்காக்கி, அதையே வரம்பாக அறிவிப்பது வழக்கம். அந்தத் தீர்வுகளில் ஜாவாவில் ஒன்று இருந்தால் வரம்பு சற்றுத் தளரும். பைத்தானில் ஒன்று இருந்தால் இன்னும் தளரும். எல்லாமே சி பிளஸ் பிளஸ் என்றால் வரம்பு இறுகும். ஆக, உங்கள் மொழி தேறுமா என்பது நடுவர்கள் எந்த மொழியில் எழுதிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. போட்டியாளருக்கு அது தெரிவதில்லை.

ஓர் உதாரணம். தலா 5,000 எழுத்துகள் கொண்ட இரண்டு சரங்கள். இரண்டுக்கும் பொதுவான மிக நீண்ட துணைத்தொடரைக் கண்டுபிடிக்க வேண்டும். பாடப்புத்தக முறைப்படி 2.5 கோடி கட்டங்களை நிரப்ப வேண்டும். சி பிளஸ் பிளஸில் இதற்கு அரை விநாடிகூட ஆகாது. வழக்கமான பைத்தானில் அதே வழிமுறையை லூப் போட்டு எழுதினால் பல விநாடிகள் ஓடும். வரம்பு 2 விநாடி என்றால் கிடைப்பது 'டைம் லிமிட் எக்ஸீடட்'. வழிமுறையில் தவறே இல்லை. ஆனாலும் மதிப்பெண் இல்லை.

சரி, வரம்பைத் தாராளமாக 10 விநாடி என்று வைத்துவிட்டால்? அப்போது வேறொரு சிக்கல் வரும். ஒரு லட்சம் எண்கள் தரும் கணக்கில், ஒவ்வோர் எண்ணையும் எல்லா எண்களோடும் ஒப்பிடும் மோசமான வழிமுறைக்கு 1,000 கோடி செயல்கள் தேவை. நன்றாகச் செதுக்கிய சி பிளஸ் பிளஸ் நிரல் அதையும் சில விநாடிகளில் முடித்துத் தப்பிவிடக்கூடும். நடுவர் தடுக்க நினைத்ததே அந்த வழிமுறையைத்தான். மெதுவான மொழியில் எழுதிய நல்ல தீர்வை உள்ளே விட வேண்டும். வேகமான மொழியில் எழுதிய மோசமான தீர்வை வெளியே நிறுத்த வேண்டும். சில கணக்குகளில் ஒரே வரம்பு இந்த இரண்டையும் செய்யாது. அங்கே நசுங்குவது பைத்தான் மாணவர்தான்.

மொழிக்கேற்ப வரம்பைப் பெருக்கித் தரும் தளங்களும் உண்டு. கோட்செஃப் அப்படிச் செய்திருக்கிறது. அதுவும் முழுத் தீர்வல்ல. வரிசைப்படுத்துவது மட்டுமே பெரிய வேலையாக உள்ள கணக்கைப் பாருங்கள்: பைத்தானின் உள்ளமைந்த சார்ட் சி மொழியில் எழுதப்பட்டது. அதற்குக் கூடுதல் நேரம் அவ்வளவாகத் தேவையே இல்லை. லூப் நிறைந்த கணக்கில் ஐந்து மடங்கு கொடுத்தாலும் போதாமல் போகலாம். எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் பெருக்கெண் கிடையாது.

இந்தச் சிக்கல் நம் மாணவர்களை நேரடியாகத் தாக்குகிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், 12இல் பைத்தான். சிபிஎஸ்இயில் இரண்டு ஆண்டும் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவமே பைத்தான்தான். அரசும் பல்கலைக்கழகமும் கையில் கொடுத்த மொழியோடு வரும் மாணவரிடம், 'எந்த மொழியும் சமம்' என்று போட்டி ஏற்பாட்டாளர்கள் சொல்வது நியாயமல்ல.

பைபை பயன்படுத்தினால்?

பெரிய வித்தியாசம் தெரியும். பைபை என்பது பைத்தான் நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றி ஓட்டும் வேறொரு இயக்கி. மேலே சொன்ன 2.5 கோடி கட்டங்கள் அதில் பெரும்பாலும் வரம்புக்குள் முடிந்துவிடும். போட்டி சர்வரில் இருப்பது பைபையா, வழக்கமான பைத்தானா என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பயிற்சிச் சுற்றில் 2.5 கோடி முறை சுற்றும் லூப்பை அந்த சர்வரிலேயே ஓட்டி நேரம் பாருங்கள்.

சி பிளஸ் பிளஸில் என்ன ஆபத்து?

லட்சத்தை லட்சத்தால் பெருக்கினால் 1,000 கோடி; இன்ட் தாங்குவது சுமார் 214 கோடிதான், எச்சரிக்கை எதுவும் வராமல் விடை தவறிவிடும். லாங் லாங் போடுங்கள்.

ஜாவா?

பாதுகாப்பான இரண்டாம் தேர்வு. மெதுவான ஸ்கேனரை விட்டுவிட்டு பஃபர்டு ரீடரில் உள்ளீடு வாங்குங்கள்.

மிகப் பெரிய எண்கள் வந்தால்?

பைத்தானில் எழுதுங்கள்; இல்லையென்றால் ஜாவாவில் பிக் இன்டீஜர் உண்டு.

ஓர் அணி பல மொழிகளில் எழுதலாமா?

எழுதலாம், கணக்குக்கு ஒரு மொழி என்றுகூட.

தவறான விடைக்குத் தண்டனை?

பின்னர் தீர்த்துவிட்ட கணக்கில் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் 20 நிமிடம் கூடும். டைம் லிமிட் எக்ஸீடடுக்கும் அதே தண்டனைதான்.

பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட்?

இப்போது அங்கே சி பிளஸ் பிளஸ் மட்டும்தான்.

முடிவாக என்ன செய்வது?

மூன்று பேர், ஒரே கணினி, 5 மணி நேரம். அணியில் குறைந்தது இருவர் சி பிளஸ் பிளஸ் சரளமாக எழுத வேண்டும். ஒருவர் பைத்தானைக் கைவசம் வைத்திருக்கட்டும். சி பிளஸ் பிளஸ் அறவே தெரியாத அணியும் பின்வாங்க வேண்டாம். பதிவு செய்யுங்கள், பைத்தானில் முடிகிற கணக்குகளை முடியுங்கள், அடுத்த ஆண்டுக்குள் இன்னொரு மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டி முடிந்ததும், ஒவ்வொரு கணக்கையும் நடுவர்கள் எந்தெந்த மொழிகளில் தீர்த்துப் பார்த்தார்கள், அவை எவ்வளவு நேரம் ஓடின என்பதை வெளியிடுங்கள். பைத்தானில் தீர்த்துப் பார்க்காத சுற்று என்றால், அதைப் பதிவுப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் உழைத்து வரும் மாணவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.